ஏசி, வென்டிலேஷன் வேலை கற்றுக்கொள்பவர்களுக்கு: வெப்பம், ஈரப்பதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐடிஐ முடித்துவிட்டோ நேராகவோ ஏசி வேலைக்கு வருகிறவர்கள் ஃபிளேர் போடவும் (செம்புக் குழாயின் முனையை விரிப்பது), பிரேசிங் பண்ணவும் (குழாய்களைச் சூடாக்கி ஒட்டுவது), கேஜ் (அழுத்தமானி) மாட்டவும் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். வெப்பம், ஈரப்பதம் என்று பேச்சை எடுத்தால் மட்டும் "அதெல்லாம் பரீட்சைக்குப் படித்தது" என்று நழுவிவிடுகிறார்கள். ஆனால் தண்ணீர் சொட்டுகிறது, ஐஸ் கட்டுகிறது, குளிர்கிறது ஆனாலும் பிசுபிசுக்கிறது, சுவரில் பூஞ்சை பிடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் போன் போட்டுச் சொல்லும் புகார்கள் எல்லாம் அந்தப் பாடத்தில்தான் இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன். கணக்கெல்லாம் சென்னையை வைத்து: வெளியே 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், உள்ளே நமக்கு வேண்டியது 24 டிகிரி, 50 சதவீதம். கடலூர், நாகை, தூத்துக்குடி என்று கடலோரத்தில் எங்கே வேலை செய்தாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதானே?

இல்லை. வெப்பநிலை என்பது தெர்மாமீட்டர் காட்டுவது. வெப்பம் என்பது எவ்வளவு ஆற்றல் இருக்கிறது, எவ்வளவு நகர்கிறது என்பது. ஒரு டம்ளர் வெந்நீரும் ஒரு அண்டா வெந்நீரும் ஒரே 60 டிகிரியில் இருக்கலாம், ஆனால் அண்டாவைச் சூடாக்க எத்தனை மடங்கு எரிவாயு செலவானது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும், ஒரு கிலோ காற்றுக்கு 1 கிலோஜூல் போதும். காற்று லேசானது, கன மீட்டருக்கு 1.2 கிலோ அளவில்தான் எடை. அதனால் அறையில் இருக்கும் காற்றைக் குளிர்விப்பது பெரிய வேலையே இல்லை. பெரிய வேலை வேறு எங்கோ இருக்கிறது, கீழே வருகிறேன்.

ஏசி அறைக்குள் குளிரை அனுப்புகிறது என்று சொல்வது சரியா?

பேச்சுக்குச் சரி, வேலைக்கு உதவாது. குளிர் என்று ஒரு பொருள் கிடையாது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும், எதிர்த்திசையில் தள்ள வேண்டுமென்றால் கம்ப்ரசர் உழைக்க வேண்டும். இன்டோர் காயிலை (நாம் கேஸ் என்று சொல்லும் குளிரூட்டி ஓடும் குழாய்ச் சுருளை) அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக வைத்தால் அறையின் வெப்பம் அதில் இறங்கும், அவுட்டோர் காயிலை வெளிக்காற்றைவிடச் சூடாக வைத்தால் அந்த வெப்பம் வெளியே கொட்டும். இவ்வளவுதான் சங்கதி.

இதிலிருந்தே ஒரு விஷயம் புரிந்திருக்கும். அவுட்டோர் யூனிட்டை நாலு பக்கமும் சுவர் உள்ள சின்ன டக்ட் இடுக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மாட்டினால், கீழ் யூனிட் ஊதும் சூட்டுக் காற்றை மேல் யூனிட் உறிஞ்சும். வெளியே 35 டிகிரி என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள், அதைப் பொறுத்தவரை வெளி உலகம் 45 அல்லது 50 டிகிரி. பில்டர் "இங்கேதான் மாட்ட வேண்டும்" என்பார். மாட்டுவதற்கு முன்னால் சூட்டுக் காற்று எங்கே போய்ச் சேரும் என்று ஒரு தடவை நின்று பாருங்கள், முடிந்தால் எழுத்தில் சொல்லிவிட்டு மாட்டுங்கள்.

ஒன்றரை டன் ஏசி என்றால் எதில் ஒன்றரை டன்?

ஐஸில். ஒரு டன் ஐஸ் (பழைய அமெரிக்கக் கணக்கில் 2000 பவுண்டு) 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ, அந்த வேகம் ஒரு டன். ஒரு பவுண்டு ஐஸ் உருக 144 பிடியூ (வெப்பத்தை அளக்கும் பழைய பிரிட்டிஷ் அலகு), அதை 2000ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 பிடியூ. வாட்டில் சொன்னால் 3.5 கிலோவாட். ஒன்றரை டன் என்பது சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன், அது கரண்ட் இழுக்கும் அளவு அல்ல. வாடிக்கையாளரிடம் இதைக் குழப்பாமல் சொல்லப் பழகுங்கள்.

கம்ப்ரசர் வருவதற்கு முன்னால் குளிர்ச்சி என்றால் ஐஸ்தான். மெரினாவில் இப்போது விவேகானந்தர் இல்லம் என்று நிற்கும் கட்டடம் 1842இல் ஐஸ் வைக்கக் கட்டியது, அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ். அந்தப் பக்கத்துக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

உணர் வெப்பம், உள்ளுறை வெப்பம் என்று இரண்டு எதற்கு?

இதுதான் முக்கியமான கேள்வி, மற்றதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. தெர்மாமீட்டரில் தெரிகிற வெப்பம் உணர் வெப்பம். தண்ணீர் ஆவியாகும்போதும் ஆவி தண்ணீராகும்போதும் வெப்பநிலை மாறாமலேயே உள்ளே போகிற அல்லது வெளியே வருகிற வெப்பம் உள்ளுறை வெப்பம். ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை கொண்டுபோக சுமார் 420 கிலோஜூல். அதே தண்ணீரை அந்த 100 டிகிரியிலேயே முழுதாக ஆவியாக்க 2257 கிலோஜூல், அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். அறை வெப்பநிலையில் ஆவியானால் இன்னும் கொஞ்சம் அதிகம், 2430 பக்கம்.

காற்றில் மிதக்கும் ஒவ்வொரு கிராம் ஆவியும் இந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறது. காயிலில் பட்டுத் தண்ணீராகும்போது அந்தச் சுமையை காயிலில் இறக்கிவிடும். ஏசிக்கு அதையும் சேர்த்து வெளியே தள்ள வேண்டிய வேலை.

ஒரு சின்ன பெட்ரூமை எடுத்துக்கொள்ளுங்கள், பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயரம். உள்ளே சுமார் 34 கன மீட்டர் காற்று. அதை 35இலிருந்து 24க்கு இறக்க 430 கிலோஜூல் போதும், ஒன்றரை டன் ஏசிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாத வேலை. ஆனால் அதே காற்றில் 800 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. 24 டிகிரி, 50 சதவீதம் என்ற நிலைக்கு வரவேண்டுமென்றால் அதில் பாதிக்கும் மேல், 440 கிராம் போல, வெளியே எடுக்க வேண்டும். அதற்கு 1070 கிலோஜூல். குளிர்விக்கும் வேலையைவிட ஈரம் எடுக்கும் வேலை இரண்டரை மடங்கு! இதற்குமேல் சுவர், தளம், கட்டில், மெத்தை எல்லாம் நாள் முழுக்கச் சேர்த்துவைத்த சூடு தனி. "கேஸ் ஃபுல்லா இருக்கு, ஆனா ரூம் குளிர அரை மணி நேரம் ஆகுது" என்று குழம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் காற்றில் 60 சதவீதம் தண்ணீரா?

இல்லவே இல்லை. அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு ஆவி இருக்க முடியுமோ, அதில் 60 சதவீதம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அதிகபட்சம் வெப்பநிலையோடு வேகமாக ஏறும். ஒரு கன மீட்டருக்கு 10 டிகிரியில் 9.4 கிராம், 20இல் 17.3, 30இல் 30.4, 35இல் 39.6. பத்துப் பத்து டிகிரி ஏற ஏற கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது, பாருங்கள்.

அதனால் சதவீதத்தை மட்டும் தனியாகச் சொன்னால் ஒன்றும் புரியாது, வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊட்டியில் 10 டிகிரியில் 80 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு ஏழரை கிராம் தண்ணீர். சென்னையில் 35 டிகிரியில் 60 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 24 கிராம். சதவீதம் குறைவு, தண்ணீர் மூன்று மடங்கு.

பனிநிலை என்று ஒன்று சொல்கிறார்களே, அது நமக்கு எதற்கு?

என்னைக் கேட்டால் ஏசிக்காரனுக்கு மிகவும் பயன்படும் ஒற்றை எண் அதுதான். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஆவி அதற்குமேல் ஆவியாக நிற்க முடியாமல் தண்ணீராக ஆரம்பிக்கும், அந்த வெப்பநிலைதான் பனிநிலை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வெளியே வியர்ப்பது, பாட்டிலின் மேற்பரப்பு பனிநிலைக்குக் கீழே இருப்பதால்.

சென்னையில் 35 டிகிரி, 60 சதவீதம் என்றால் பனிநிலை 26 டிகிரி. 26 டிகிரி என்பது குளிர்ச்சியே இல்லை, கையால் தொட்டால் ஜில்லென்றுகூடத் தெரியாது. ஆனாலும் அந்தக் காற்று படுகிற இடத்தில் 26க்குக் கீழே இருக்கிற எதுவும் வியர்க்கும்: பைப், டக்ட், டிரெயின் குழாய், கிரில், கண்ணாடி, சுவர். ஏசி போட்ட அறைக்குள், 24 டிகிரி 50 சதவீதத்தில், பனிநிலை 13 டிகிரிதான். அதனால்தான் ஒரே பைப் அறைக்குள் காய்ந்து இருக்கிறது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வெளிக்காற்று நுழையும் இடத்தில் சொட்டுகிறது. யாரும் ஒழுகலைத் தேடி சீலிங்கை உடைப்பதற்கு முன்னால் அங்கே மேலே இருக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து பனிநிலை என்ன என்று பாருங்கள். ஒழுகல் இருக்காது, வியர்வைதான் இருக்கும்.

காப்பர் பைப்புக்கு இன்சுலேஷன் போட்டும் சொட்டுகிறதே?

சக்ஷன் பைப் (இன்டோரிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் பைப்) 8, 10 டிகிரியில் ஓடும், சுற்றிலும் பனிநிலை 26. இன்சுலேஷனின் வெளித் தோல் 26க்கு மேலே நிற்கிற அளவுக்குத் தடிப்பு இருந்தால்தான் வியர்க்காது. கிட்டோடு வருகிற மெல்லிய வெள்ளை ஃபோம் ஏசி அறைக்குள் தாக்குப்பிடிக்கும், கடலோரத்தில் காற்றோட்டமில்லாத ஷாஃப்டில் தாக்குப்பிடிக்காது. அங்கே நைட்ரைல் ரப்பர், 13 அல்லது 19 மில்லிமீட்டர் போடச் சொல்வேன். விலை வித்தியாசம், பிறகு சீலிங்கைப் பிரித்து ஒட்டும் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது.

தடிப்பைவிட முக்கியம் ஜாயின்ட். ஆவி, காற்றோடு மட்டும்தான் நகரும் என்று நினைக்காதீர்கள், ஆவியின் அழுத்தம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு அதுவாகவே புகுந்துகொண்டு போகும். இரண்டு ரப்பர் குழல் சேரும் இடத்தில் பசை போடாமல் வெறும் டேப் சுற்றி விட்டால், ஒரு விரல்நுனி இடைவெளி போதும், ஆவி உள்ளே போய் செம்பின் மேலேயே தண்ணீராகும், அந்தத் தண்ணீர் குழலுக்குள்ளேயே ஓடி பத்தடி தள்ளி வேறொரு ஜாயின்டில் சொட்டும். சொட்டுகிற இடத்தில் மேலும் மேலும் டேப் சுற்றுவதால் ஒன்றும் ஆகாது, நனைந்த ரப்பரும் ஃபோமும் இன்சுலேஷனே அல்ல. பிரித்து, துடைத்து, முழு நீளத்துக்கும் பார்த்து, பசை போட்டு ஒட்ட வேண்டும். ஃபிளேர் நட்டுக்கு இன்சுலேஷன் போடாமல் மேலே டேப் மட்டும் சுற்றுகிற பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள், நான் பார்த்த வரையில் இன்டோர் யூனிட்டுக்குப் பின்னால் சுவர் ஊறிப்போவதற்குப் பாதி காரணம் அதுதான்.

டிரெயின் குழாயில் ஓடுவதும் குளிர்ந்த தண்ணீர்தான். சீலிங்குக்கு மேலே போகிறதென்றால் அதற்கும் இன்சுலேஷன் வேண்டும்.

டிரெயினில் எவ்வளவு தண்ணீர் வர வேண்டும்?

ஈரப்பதத்தைப் பொறுத்தது. ஒன்றரை டன் யூனிட் தன் திறனில் கால் பங்கை ஈரம் எடுப்பதில் செலவழித்தால் மணிக்கு இரண்டு லிட்டர் அளவில் வரும். அறைக் காற்றில் மொத்தமே 800 கிராம்தானே இருந்தது, பிறகு இரண்டு லிட்டர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு, குளியலறைக் கதவு, அப்புறம் ஆட்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர்கூட மூச்சிலும் தோலிலும் மணிக்கு 50 முதல் 80 கிராம் வரை ஆவி விடுவார். மூடிய அறையில் மணிக்கணக்காக ஓடியும் தண்ணீர் குறையவே இல்லை என்றால் வெளிக்காற்று எங்கோ தாராளமாக நுழைகிறது என்று அர்த்தம், இடுக்கைத் தேடுங்கள்.

வறண்ட நாளில் கோயம்புத்தூரில் தண்ணீரே வரவில்லை என்று போன் வரும். காயில் பனிநிலைக்கு மேலே இருந்தால் வராதுதான், கோளாறு இல்லை. குழாய்க்கு மட்டும் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவாவது கொடுங்கள், நடுவில் தொய்வு, மேல்நோக்கிய வளைவு வேண்டாம்.

ஈரக்குமிழ் வெப்பநிலை என்றால்?

தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றில் சுழற்றினால் காட்டுகிற அளவு. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் சாதாரண தெர்மாமீட்டரைவிடக் குறைவாகக் காட்டும். காற்று வறண்டிருந்தால் வித்தியாசம் பெரிது, ஈரமாக இருந்தால் சிறிது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான்.

அப்படியென்றால் ஏர் கூலர் சென்னையில் ஏன் எடுபடுவதில்லை?

கூலர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் காற்றை ஈரக்குமிழ் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. ராஜஸ்தானில் 40 டிகிரி, 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 23 பக்கம், கூலர் 26, 27 டிகிரி காற்றைத் தாராளமாகத் தரும். சென்னையில் 35 டிகிரி, 60 சதவீதத்துக்கு ஈரக்குமிழே 28 டிகிரி, கூலர் தருவது 30 டிகிரி பக்கம், அதுவும் தண்ணீர் நிறைந்த காற்று, வியர்வை ஆறாது. ஜன்னலை மூடிக்கொண்டு கூலர் போட்டால் அறை இன்னும் புழுங்கும். ஒரு வாடிக்கையாளர் ஏசியையும் கூலரையும் ஒரே அறையில் ஓட்டினால் உடனே தடுத்துவிடுங்கள், ஒன்று ஊற்றும் தண்ணீரை மற்றொன்று எடுத்துக்கொண்டிருக்கும்.

18இல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

சாதாரண ஃபிக்ஸட் ஸ்பீடு ஏசியில் குளிராது. கம்ப்ரசர் ஓடினால் ஒரே வேகம், 18 என்பது அது எப்போது நிற்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. இன்வெர்ட்டர் ஏசி கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஓடலாம், ஆனாலும் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு உள்ள ரூம் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி வர வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. ஈரம் நன்றாக எடுத்திருந்தால், மின்விசிறியும் மெதுவாக ஓடினால், 24இல் யாருக்கும் குறை தெரியாது. 18 வைக்கும் வீட்டில் பெரும்பாலும் உண்மையான பிரச்சினை ஈரப்பதம்தான், அவர்கள் அதைக் குளிரால் சரிக்கட்டப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ராத்திரி முழுக்க 18இல் ஓடும் அறையின் மெல்லிய தடுப்புச் சுவருக்கு அடுத்த பக்கம், ஏசி இல்லாத ஸ்டோர் ரூம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் அந்தப் பக்கச் சுவர் பனிநிலைக்கு நெருக்கமாக வந்துவிடும், பெயின்ட் உப்பும், பீரோவின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். பிளம்பரைக் கூப்பிட்டுப் பைப் எல்லாம் தேடுவார்கள்.

பெரிய டன்னாகப் போட்டுவிட்டால் கவலை இல்லை அல்லவா?

கடலோரத்தில் இது நல்ல யோசனை இல்லை. ஒரு டன் போதுமான அறையில் இரண்டு டன் ஃபிக்ஸட் ஸ்பீடு யூனிட் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட் திருப்தியாகி கம்ப்ரசர் நின்றுவிடும். காயில் குளிர்ந்து, தண்ணீர் சேர்ந்து, டிரேயில் இறங்கி ஓட ஆரம்பிக்கும் நேரத்தில் நின்றுவிடுகிறது. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்க, காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் திரும்ப ஆவியாகி அறைக்கே போகும். வெப்பநிலை 23 காட்டும், ஈரப்பதம் 70க்கு மேல், மெத்தை ஈரம் தட்டும், வாடிக்கையாளர் இன்னும் குறைத்து வைப்பார். டன்னைக் கூட்டுவதற்கு முன்னால் வெயில் எங்கே விழுகிறது, கூரை எப்படி, இடுக்கு எங்கே, எத்தனை பேர் என்று பாருங்கள்.

முதன்முதலில் நவீன ஏசி என்று சொல்லத்தக்கதை வில்லிஸ் கேரியர் 1902இல் வடிவமைத்தது ஆட்கள் குளிர்ச்சியாக உட்காரவே அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை, அதற்காகத்தான். ஆக, ஈரத்தைக் கட்டுப்படுத்துவது இந்த இயந்திரத்தின் முதல் வேலை.

காயிலில் ஐஸ் கட்டினால் கேஸ் அதிகமா, குறைவா?

கேஸ் அதிகமானதால் இன்டோரில் ஐஸ் கட்டாது. காயிலின் மேற்பரப்பு 0 டிகிரிக்குக் கீழே போய்விட்டது என்பதே விஷயம், அதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, காற்றோட்டம் குறைந்து காயிலுக்கு வேண்டிய வெப்பம் வராமல் போவது: ஃபில்டர் அடைப்பு, புளோயரில் அழுக்கு, ஃபேன் மோட்டார் தளர்வது. மற்றொன்று, கேஸ் குறைந்து அழுத்தம் இறங்குவது. கேஜில் பார்த்தால் ஆர்-22 கேஸுக்கு சுமார் 58 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), ஆர்-32 கேஸுக்கு சுமார் 103 என்பது 0 டிகிரிக்கு நேரான அழுத்தம், அதற்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தால் ஐஸ் வரத்தான் செய்யும். ஆனால் அழுக்கு ஃபில்டரோடு கேஜ் மாட்டினாலும் இதே குறைந்த அழுத்தம்தான் காட்டும். அதைப் பார்த்துக் கேஸ் ஏற்றிவிட்டு வந்தால், ஃபில்டரைக் கழுவிய மறுநாள் கேஸ் அதிகமாகி கம்ப்ரசர் கஷ்டப்படும். முதலில் ஃபில்டர், பிறகு காயில், பிறகு ஃபேன், கடைசியில்தான் கேஜ். ஐஸ் முழுதாக உருகிய பிறகே எதையும் அளக்க வேண்டும்.

மொட்டை மாடிக்குக் கீழ் வீடு ராத்திரியிலும் ஏன் தகிக்கிறது?

கான்கிரீட் தளம் பகலில் வெயிலை வாங்கிச் சேர்த்துவைத்து மெதுவாகக் கீழே விடுகிறது. சூடு உச்சத்துக்கு உள்ளே வந்து சேர்வது வெயில் சாய்ந்து பல மணி நேரம் கழித்துத்தான். சீலிங்கின் அடிப்பக்கம் 38, 40 டிகிரியில் இருந்தால், காற்று 25ஆக இருந்தாலும் படுத்திருப்பவர் உடம்பில் அந்தச் சூடு கதிராக விழும், காற்றைத் தொடாமலே. ஏசி காற்றைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும், ஆள் புழுங்கிக்கொண்டே இருப்பார். பழைய சென்னை வீடுகளில் செங்கல் ஜல்லி சுண்ணாம்பும் மேலே தட்டோடும் போட்டது சும்மா இல்லை. இப்போது வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அல்லது வெள்ளை டைல்ஸ் போடச் சொல்லலாம். ஏசி விற்க வந்தவர் பெயின்ட் அடிக்கச் சொல்கிறாரே என்று அவர்கள் ஆச்சரியப்படலாம், பரவாயில்லை, சொல்லுங்கள்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறதா?

வீட்டில் வழக்கமாகப் போடும் ஸ்பிளிட் கொண்டுவராது. உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. நாலு பேர் மூடிய அறையில் மணிக்கணக்காக இருந்தால் கார்பன் டை ஆக்ஸைடு ஏறும், தலை கனக்கும். வகுப்பறை, கிளினிக், அலுவலகம் என்றால் வெளிக்காற்றுக்கு வழி வைத்தே ஆக வேண்டும்.

ஆனால் அது சும்மா வராது. 35 டிகிரி, 60 சதவீதத்தில் 100 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 100 கன அடி) வெளிக்காற்றை உள்ளே விட்டால் அதைச் சரிசெய்யவே 0.6 டன்னுக்கு மேல் வேண்டும், அதில் முக்கால் பங்கு ஈரம் எடுக்க மட்டும். வெப்பநிலை வித்தியாசத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் நாலில் மூன்று பங்கைத் தவறவிடுகிறார்கள், அந்த ஹாலில் பிறகு எத்தனை யூனிட் கூட்டினாலும் பிசுபிசுப்பு போகாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் குளியலறை காய்வதில்லையே?

வெளியே போகிற காற்றுக்குச் சமமாக உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவை இறுக்கி மூடி, கீழே இடுக்கும் இல்லையென்றால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. கதவின் அடியில் அரை அங்குலமாவது விடுங்கள் அல்லது கிரில் வையுங்கள். குளித்து முடித்த பிறகும் இருபது நிமிடம் ஓட வேண்டும், ஈரம் தரையிலும் சுவரிலும்தான் இருக்கிறது. ஆனால் ஏசி அறையோடு சேர்ந்த குளியலறை எக்ஸாஸ்டை ராத்திரி முழுக்க ஓடவிடாதீர்கள், அது குளிர்ந்த காற்றை வெளியே தள்ளி, அந்த அளவுக்கு வெளியிலிருந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். தண்ணீர் குறையாத டிரெயினுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

ஊட்டி, கொடைக்கானலில் ஹீட்டர் போட்டால் தொண்டை ஏன் வறள்கிறது?

10 டிகிரி, 80 சதவீதக் காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை, ஆனால் தாங்கும் அளவு கூடிவிட்டதால் ஈரப்பதம் 37 சதவீதம் ஆகிவிடும். அதே அறையில் கண்ணாடி ஜன்னல் மட்டும் குளிர்ந்தே இருக்கும், காலையில் அதில் தண்ணீர் வழியும். இங்கே வியர்வை உள்பக்கம், சென்னையில் ஏசி அறைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம். காரணம் ஒன்றே.

விறகோ கரியோ மூடிய அறைக்குள் எரிக்கவே கூடாது என்று அங்கே வேலைக்குப் போகும்போதெல்லாம் சொல்லுங்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும். கேஸ் கீசரும் அப்படித்தான், காற்று வழி இல்லாத குளியலறையில் மாட்டக் கூடாது.

வேக்கம் போடுவது காற்றை எடுக்கத்தானே, பத்து நிமிடம் போதாதா?

கேஸ் விடுவதற்கு முன்னால் பம்ப் வைத்துப் பைப்பின் உள்ளே வெறுமையாக்குவதுதான் வேக்கம். அது காற்றை எடுக்கவும், தண்ணீரை எடுக்கவும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். 30 டிகிரியில் இருக்கும் பைப்புக்குள் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்கினால்தான் உள்ளே இருக்கும் ஈரம் கொதித்து ஆவியாக ஆரம்பிக்கும். சாதாரண கேஜில் முள் அடிமட்டத்தில் நிற்பதை வைத்து அது இறங்கிவிட்டதா என்று சொல்ல முடியாது, மைக்ரான் கேஜ் வேண்டும், 500 மைக்ரானுக்கு (அரை மில்லிமீட்டர் பாதரசம்) கீழே இறங்க வேண்டும். பிறகு வால்வை மூடிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். கொஞ்சம் ஏறி ஒரு இடத்தில் நின்றால் ஈரம் மிச்சம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். மழை நாளில் பைப் முனையைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மூடி போட்டுவிட்டுப் போங்கள். புதிய கேஸ்களோடு வருகிற ஆயில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பம்பால் அதிலிருந்து எடுப்பது கடினம்.

முதல் சம்பளத்தில் என்ன கருவி வாங்குவது?

வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்று, பனிநிலையும் காட்டினால் நல்லது. கூடவே கிளிப் மாட்டும் பைப் தெர்மாமீட்டர். ஏசியைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ரிட்டர்னில் போகும் காற்றையும் சப்ளையில் வரும் காற்றையும் அளந்து எழுதுங்கள். 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் வரலாம். மழை நாளில் 8 வந்தால் உடனே கேஸ் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள், திறனில் பெரும்பகுதி தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும், டிரெயின் குழாயைப் பாருங்கள், நன்றாக ஓடினால் யூனிட் உழைக்கிறது. வித்தியாசம் 14, 15 என்று அதிகமாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள், காற்றோட்டம் குறைவாக இருக்கலாம், ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ரிட்டர்ன், சப்ளை, வெளிக்காற்று, ஈரப்பதம், தேதி இவற்றை இன்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள், அடுத்த சர்வீஸுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு உதவும்.